தோற்றவர்கள் குளிக்கலாம்

எங்கள் நகராட்சிக் குடிநீர் நிறுவனத்தில் ஒருவன் சும்மா கடலுக்குப் போய்விட முடியாது. சொந்தச் செலவில் போகலாம், யாரும் தடுக்கவில்லை; அந்த வசதி இருக்கிறவன் எங்கள் நிறுவனத்தில் ஏன் குப்பை கொட்டுகிறான்? எங்களுக்கு வாய்த்தது தொழிற்சங்கத்தின் வார இறுதிப் பயணம். வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பி, மலைகளைத் தாண்டி, சாயங்காலம் பெலா உவாலா என்ற கடற்கரை ஊரில் இறங்கி, ஞாயிறு திரும்ப வேண்டும். மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. ஆனால் காகிதத்தில் அதன் பெயர் பயணம் அல்ல, 'தொழிலாளர் விளையாட்டு விழா'. கடலில் குளிக்க அரசாங்கம் நிதி தராது, விளையாடத் தரும். ஆகவே தண்ணீரில் காலை நனைக்க ஆசைப்படும் ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு விளையாட்டின் வீரனாகப் பதிந்துகொண்டாக வேண்டும்.

சதுரங்கம், தூண்டில் போடுதல், அம்பு எறிதல் இவற்றையெல்லாம் சங்கச் செயற்குழு எடுத்துக்கொண்டது. உட்கார்ந்தோ, கையில் கோப்பையோடு நின்றோ செய்யக்கூடியவை எப்போதும் செயற்குழுவுக்குத்தான். எங்களுக்கு மிஞ்சியது கயிறு இழுத்தல். நான் விதோமிர், இருபத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன், நூற்றுப்பதினெட்டு கிலோ. கயிற்றின் கடைசியில் இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு என்னைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள்.

எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பெலா உவாலாவுக்கு எப்படியாவது போக வேண்டியிருந்தது. என் மகள் விஷ்ன்யா அங்கே ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத் தலைவர் பொகொல்யூபின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவளுக்கு எங்கள் அலுவலகத்திலேயே ஒரு நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தேன். மூன்றே மாதம். ஒருநாள் வந்து, "அப்பா, அங்க யாரும் எதுவும் செய்யறதில்ல, எல்லாரும் பயந்துக்கிட்டு மட்டும் இருக்காங்க. என்னால முடியல" என்று சொல்லி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை தலைவர் எனக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நான் மகளிடம், "நிரந்தர வேலைய எட்டி உதைச்சவ இந்த வீட்டு வாசல மிதிக்காத" என்றேன். அவளும் என் பிள்ளைதானே, மிதிக்கவில்லை.

ஜூன் மாதத்தில் அவள் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, ஒன்பது மாத ஒப்பந்தம். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு விமான நிலையத்துக்குப் பேருந்து. "அப்பா வர்றதா இருந்தா பன்னெண்டரைக்கு பஸ் நிலையத்துல இருப்பேன். வரலைன்னா புரிஞ்சுக்கறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவி ரூஷித்சா எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள்.

"என்னங்க, பெருசா ஒண்ணும் பேச வேண்டாம். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

"சொல்றேன்டி."

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

வெள்ளிக்கிழமை பேருந்து ஏறினோம். ஜூலை மாத வெயில், குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. எங்கள் ஜனங்கள் போரைக் கண்டு பயப்படமாட்டார்கள், பஞ்சத்தைக் கண்டு பயப்படமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்து நடுவே காற்று ஓடினால் மட்டும் செத்துப்போவோம் என்று நம்புகிறார்கள். கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், சிறுநீரகம் கெடும். ஆகவே நாற்பத்தெட்டுப் பேர் வேகவைத்த முட்டை வாசனையிலும் வறுத்த கோழி வாசனையிலும் பதினோரு மணி நேரம் அவிந்துகொண்டு வந்தோம். நிற்கிற இடத்திலெல்லாம் தலைவர் பொகொல்யூப் தலை எண்ணினார். ஓடுகிற வண்டியிலும் ஒரு முறை எண்ணினார்.

"கூட்டு உணர்வு!" என்றார் ஒலிபெருக்கியில். "நம்ம நிறுவனத்துல குழாய் ஒழுகலாம், தண்ணி வராமப் போகலாம். ஆனா ஒருத்தன் குறையக் கூடாது!"

இறங்கியதும் எங்கள் அடையாள அட்டைகளையும் கைப்பேசிகளையும் பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒரு பையில் வாங்கிக்கொண்டார். விளையாட்டு வீரனின் கவனம் சிதறக் கூடாதாம். அந்தப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழா தொடங்கியது. மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி, ஒரு சாலை, அவ்வளவுதான். அலைச் சத்தம் கேட்டது, சின்னப் பிள்ளைகள் கத்துவது கேட்டது. பன்னிரண்டு ஊர்களின் நகராட்சி நிறுவனங்களிலிருந்து நாங்கள் இருநூறு பேர் வேலிக்கு உள்ளே, சுடும் வெயிலில் கொடியின் முன்னால் நின்றோம். துப்புரவு, வெப்ப விநியோகம், வாகன நிறுத்தம், இடுகாட்டுப் பராமரிப்பு, எல்லாத் துறையும் இருந்தது.

விழாக் குழுவின் தலைவர் விதிகளைப் படித்தார். முப்பத்தேழு விதிகள். அவற்றில் மூன்றுதான் எங்கள் காதில் விழுந்தன.

"விதி பதினொன்று. தோற்ற அணிகள் மைதானத்தை விட்டு வெளியேறிக் கடலில் குளிக்கலாம். வென்ற அணிகள் அடுத்த சுற்றில் தொடரும்."

இருநூறு பேரும் ஒரே சமயத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தோம்.

"விதி பன்னிரண்டு. ஓர் அணியில் எட்டுப் பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் மூன்று வருடத்துக்கு விழாவிலிருந்து நீக்கப்படும். விலகியவரின் பெயர், உபரி ஊழியர் பட்டியல் தயாராகும்போது கூட்டு உணர்வு என்ற தலைப்பின் கீழ் பரிசீலிக்கப்படும். விதி பதின்மூன்று. கயிற்றைக் கையில் எடுத்தபின், இறுதி விசில் ஊதும்வரை எவரும் கையை விடக் கூடாது."

யார் யாரை வேலையை விட்டு அனுப்புவது என்ற அந்த உபரிப் பட்டியலைத் தயாரிப்பது பொகொல்யூப்தான். அந்தப் பட்டியல் நான்கு வருடமாக அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை. எங்கள் நிறுவனம் தண்ணீரில் ஓடுகிறது என்று ஊரில் நினைக்கிறார்கள். அது அந்தக் காகிதத்தில் ஓடுகிறது.

நான் எளிதாகக் கணக்குப் போட்டேன். முதல் சுற்றிலேயே தோற்போம், ஒன்பது மணிக்கு விடுதலை, குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி, பன்னிரண்டரைக்குப் பேருந்து நிலையம். சொல்ல வேண்டிய வார்த்தையை ஒத்திகை பார்க்கக்கூட நேரம் இருந்தது.

முதல் போட்டி வாகன நிறுத்தத் துறையோடு. விசில் ஊதியதும் அவர்கள் எட்டுப் பேரும் முகம் குப்புற விழுந்தார்கள். நாங்கள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கக்கூட இல்லை. கோட்டைத் தாண்டிக் கிடந்தபடியே ஒருவன், "ஐயோ, என்ன பலம்!" என்றான். இரண்டு நிமிடத்தில் அவர்கள் கடலில் இருந்தார்கள்.

"டேய் விதோ!" எனக்கு முன்னால் கயிறு பிடித்திருந்த ஸ்தானா அக்கா திரும்பினாள். பணம் கட்டும் முகப்பில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்து பொதுமக்களைத் திட்டிப் பழகிய வாய். "எதுக்குடா மரம் மாதிரி நின்ன?"

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல."

"அதான்டா தப்பு! நூத்துப்பதினெட்டு கிலோ ஒண்ணுமே பண்ணலைன்னா அதுக்குப் பேரு ஜெயிக்கறது. முன்னாடி வந்து தொலையேன்!"

இரண்டாவது போட்டி வெப்ப விநியோகத் துறையோடு. இந்த முறை நாங்கள் உஷாராக இருந்தோம். விசில் ஊதியதும் எட்டுப் பேரும் எதிரிகளை நோக்கி ஓடினோம். அவர்களும் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். நடுக்கோட்டில் முட்டிக்கொண்டு பதினாறு பேரும் நின்றோம், கைகளில் தளர்ந்த கயிறு தரையில் புரண்டது. எதிர் அணித் தலைவன் என் காதருகே, "அண்ணே, என் பொண்டாட்டி அந்தப் பக்கம் கரையில தனியா இருக்கா, விட்டுக்குடுங்க" என்றான். "என் மகள் ஊரை விட்டே போறாடா" என்றேன். அவன் நம்பவில்லை. காலையிலிருந்து எல்லோரும் இதுபோல்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் போல.

நடுவர் குழு கூடி அரைமணி நேரம் ஆலோசித்து, கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று விதி முப்பத்தெட்டை இயற்றியது. மறு போட்டிக்கு வெப்ப விநியோகம் ரப்பர் செருப்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தது. அவர்கள் வழுக்கிக்கொண்டே எங்கள் பக்கம் வந்த வேகத்தில் என்னைத் தாண்டியும் போய்விட்டார்கள். துப்புரவுத் துறையோ மூச்சடைக்கிறது என்று சொல்லி நடுவில் படுத்துக்கொண்டது. எங்களுக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. தோற்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். குடிநீர் நிறுவனத்தில் யாருக்கும் அது கிடையாது. பதினொன்றேகாலுக்கு நாங்கள் இறுதிப் போட்டியில் இருந்தோம்.

பொகொல்யூப் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளைகளா, இருபத்தஞ்சு வருஷமா ஒரு கோப்பைக்கு ஏங்கினேன்டா."

இதுதான் சமயம் என்று நான் அவரைத் தனியாக இழுத்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அடி வாங்கின நாய்க்குட்டி மாதிரி இருந்தது.

"தலைவரே, ஒரு மணி நேரம் மட்டும் விடுங்க. என் மக ஒரு மணி பஸ்ல போறா. ஒன்பது மாசம் வரமாட்டா. நான் அவளோட பேசி ரெண்டு வருஷமாச்சு."

"எந்த மக? வேலைய விட்டுட்டுப் போனாளே, அவளா?"

"ஆமா தலைவரே."

அவர் என் தோளில் கை போட்டார். "விதோமிர், உனக்கு ஒண்ணு சொல்றேன். என் பையன் கல்யாணத்தன்னிக்கு செயற்குழுக் கூட்டம். நான் எங்க இருந்தேன்னு நினைக்கிற? கூட்டத்துல! நிகழ்ச்சிநிரல்ல ஒரே ஒரு விஷயம்தான், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கறது. ஆனா நான் இருந்தேன். பையன் இன்னி வரைக்கும் என்கிட்ட பேசறதில்ல. நான் கவலைப்பட்டேனா? அவனுக்கு நான் ஒரு முன்னுதாரணம்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உபரிப் பட்டியல் செப்டம்பர்ல வருது. ஸ்தானாவுக்கு ஓய்வூதியத்துக்கு ரெண்டு வருஷம் இருக்கு, தெரியுமில்ல? நீ போனா எட்டுப் பேருக்கும் அடி. போ, போய் நில்லு."

நான் போய் நின்றேன்.

இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிராக இடுகாட்டுப் பராமரிப்புத் துறை. குழி வெட்டுகிறவர்கள், எட்டுப் பேரும் கழுத்தே இல்லாத ஆட்கள். தினமும் கயிறு பிடித்துப் பெட்டி இறக்குகிறவர்கள். இவர்களிடமாவது தோற்போம் என்று எனக்கு உயிர் வந்தது. அவர்களுடைய தலைவர் கிர்ஸ்மான் கை குலுக்கும்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"தம்பி, நாங்க ஜெயிப்போம்னு எதிர்பாக்காதீங்க. கயிற எப்படி ஆடாம அசையாம மெதுவா விடணும்னு எங்களுக்குத் தெரியும். அரையிறுதியில ரெண்டு முறை விட்டுப் பாத்தோம், எதிராளிங்க அதுக்குள்ள விழுந்துட்டாங்க. இந்த முறை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

இவர்களும் தோற்கத்தான் வந்திருக்கிறார்கள்.

பதினொன்றரைக்குத் தொடங்க வேண்டிய போட்டி தொடங்கவில்லை. அமைச்சகத்திலிருந்து ஒரு செயலர் வருகிறாராம். பன்னிரண்டு மணிக்கு வந்தார், வெயிலில் கோட்டு. வரவேற்புக் கைதட்டலுக்கு ஆள் போதவில்லை. தோற்றவர்கள் எல்லாம் கடலில் இருந்தார்கள். மேடையில் விழாக் குழுவும் சங்கத் தலைவர்களும் அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து அவருடைய பிடரியைப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். நாங்கள் பதினாறு பேரும் கயிற்றைத் தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு விசிலுக்குத் தயாராக நிற்க வேண்டும் என்று உத்தரவு. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி விறைப்பாக நின்றார்.

"அன்பார்ந்த தொழிலாளர்களே!" என்றார் செயலர். "ஒரு தொழிலாளி ஓய்வெடுக்கும்போதுதான் நாங்கள் அவனுக்காக உழைத்தது எங்களுக்குத் தெரிகிறது. தண்ணீரே இல்லாத ஊர்களில்கூட இன்று குடிநீர் நிறுவனம் இருக்கிறது. இது யாருடைய சாதனை? சென்ற வருடம் வேலை இழந்தவர்களுக்காக நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கெனத் தனியாக ஒரு கோப்பை அறிவித்தோம்! அவர்களால் வர முடியவில்லை, அது வேறு விஷயம்..."

முதல் பக்கத்தைப் புரட்டினார். ஒரு தலையணை உயரத்துக்குப் பக்கங்கள் மீதி இருந்தன.

தேவாலய மணி பன்னிரண்டேகால் அடித்தது. என் இடுப்பில் கயிறு, இரண்டு கையிலும் கயிறு. வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்க முடியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது வியர்வை மட்டும் இல்லை. ஐம்பத்தேழு வயதில், அமைச்சகத்தின் முன்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஸ்தானா அக்கா மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். "என்னடா ஆச்சு உனக்கு? வெயிலா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கயிற்றோடு செய்தி நடுக்கோட்டைத் தாண்டி எதிர் அணிக்கும் போயிற்று.

"மடையா! இத காலையிலேயே சொல்றதுக்கு என்ன கேடு? பார்க்கிங்காரன் விழறதுக்கு முன்னாடியே நான் விழுந்திருப்பேனே!" என்றாள் ஸ்தானா.

"பட்டியல் இருக்கே அக்கா. உனக்கு வேற ரெண்டு வருஷம்..."

"என் ரெண்டு வருஷத்த நான் பாத்துக்கறேன். இப்ப கைய விட்டா எல்லாருக்கும் அடி, அதான் பிரச்சனை." அவள் உதட்டைக் கடித்தாள்.

அப்போது மறுமுனையிலிருந்து கிர்ஸ்மானின் குரல் வந்தது. மெதுவான குரல், குழிக்கரையில் பேசிப் பழகியது. "தம்பி, பஸ் நிலையம் எந்தப் பக்கம்?"

"என் முதுகுப் பக்கம் அண்ணே. வாசலத் தாண்டி பத்து நிமிஷம்."

"கைய விடாதேன்னுதானே விதி சொல்லுது? நடக்காதேன்னு சொல்லலையே. நீங்க இழுங்க, நாங்க வர்றோம்."

எங்கள் பக்கத்துத் தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"முப்பது வருஷமா பாக்கறேன் தம்பி. சொல்ல வேண்டியத எல்லாம் எங்க குழிகிட்ட வந்துதான் சொல்றாங்க. எவ்வளவு நல்லாப் பேசறாங்க தெரியுமா? கேக்க வேண்டியவங்கதான் இருக்கறதில்ல. நடங்க."

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி. எதிர் அணி கயிறு தளராமல், அழகாக, எங்களோடு வந்தது. நடுக்கோட்டை அவர்கள் தாண்டியபோது நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் செயலர் பேசிக்கொண்டிருக்கும்போது விசில் ஊதினால் நடுவருக்கு வேலை போய்விடும். அவர் மேடையையே பார்த்தபடி விறைத்து நின்றார். நாங்கள் ஜெயித்துக்கொண்டே மைதானத்தின் விளிம்பு வரை போனோம், ஜெயித்துக்கொண்டே வாசலுக்குப் போனோம்.

வாசலில் கைப்பட்டை கட்டிய கண்காணிப்பாளர் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். "தனி ஆளுக்கு வெளிய போக அனுமதி இல்ல!"

"இங்க தனி ஆள் யாரு?" என்றாள் ஸ்தானா. "பதினாறு பேரு."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "போட்டி முடிஞ்சதா?"

"இல்ல, நடந்துக்கிட்டு இருக்கு. பாத்தா தெரியலையா?"

"நடக்கிற போட்டியத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, எழுந்து வந்து கதவைத் திறந்தார். தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் திரும்பிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் நடந்தோம். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் படம் எடுத்தார்கள். இது ஏதோ புனிதர் ஊர்வலம் என்று நினைத்து ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். போலீஸ்காரன் வண்டிகளை நிறுத்தினான். இடது பக்கம் கடல், கையை நீட்டினால் தொடலாம் போல. எங்களில் ஏழு பேர் அதில் இறங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. ஒருவரும் நிற்கவில்லை. ஸ்தானா மட்டும், "சீக்கிரம் நடடா, இந்த உடம்பத் தூக்கிக்கிட்டு!" என்று பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே வந்தாள்.

பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தபோது கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்று காட்டியது. விஷ்ன்யா சிவப்புப் பெட்டியோடு நடைமேடையில் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் பார்வை வாசலில்தான் இருந்தது. என்னைப் பார்த்தாள், என் தோளில் இருந்த கயிற்றைப் பார்த்தாள், அந்தக் கயிற்றில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வந்த பதினைந்து பேரையும் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "என்னைப் பாக்கறதுக்கும் ஆபீஸக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"போட்டிம்மா. நடுவுல இருக்கோம்."

இதைச் சொல்லவா இரண்டு வருடம், ஒரு மலைத்தொடர் தாண்டி வந்தேன்? அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. ஓட்டுநர் பெட்டியை வாங்கி அடியில் வைத்து மூடினார்.

"கைய விடுங்கப்பா."

"விட்டா மூணு வருஷம் நீக்கிடுவாங்க. பட்டியல்ல வேற..."

"இப்பவுமா அப்பா?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். களைப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பேருந்துப் படிக்கட்டை நோக்கித் திரும்பினாள். ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கினார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஸ்தானாகூட, கிர்ஸ்மான்கூட, பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். இதில் யாரும் எனக்கு உதவ முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கையை விட்டேன்.

விரல்கள் நிமிர மறுத்தன, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இடுப்புச் சுருக்கைக் கழற்றிக் காலால் தள்ளினேன். என் கனம் போனதும் பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நான் படிக்கட்டுக்கு ஓடி, மேலே ஏறிவிட்டவளின் முழங்கையைப் பிடித்தேன்.

"தப்பு என்னோடதும்மா. உன் மேல கோபமே இல்ல. தலைவரு பதிலுக்கு வணக்கம் சொல்லலைன்னு பயந்துட்டேன். பயத்துலதான் உன்னை விரட்டினேன். நம்ம வீட்டுக்கு வாம்மா. எப்ப வேணா வா."

அவள் கீழே இறங்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் மேல் சலவை சோப்பு வாசனை. என் உள்ளங்கை கயிறு அறுத்து எரிந்தது. அந்தக் கையால் அவள் கையைப் பிடித்தால் அவளுடையதும் காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தது. இது எனக்குத் தெரியாது. என் மகளின் கை எப்படி இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாமல் இரண்டு வருடம் போயிருக்கிறது.

"ஒன்பது மாசம் ஆகும்பா."

"ஆகட்டும்."

"அம்மாகிட்ட சொல்லுங்க, நீங்க வந்தீங்கன்னு."

"அவ நம்பமாட்டா."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவ்வளவுதான், மூன்று நிமிடம் இருக்கும். பேருந்து வளைவில் திரும்பும்வரை அவள் கை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அந்த ஜன்னலைத் திறந்ததற்கு உள்ளே யாரோ சத்தம் போடுவது கேட்டது, அவள் மூடவில்லை.

திரும்பி நடந்தபோது கயிற்றை எல்லோரும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள், பழக்கம். நானும் பிடித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். செப்டம்பரில் என் பெயர் பட்டியலில் முதலில் இருக்கும். என்னால் ஸ்தானா அக்காவும் போவாள். "மன்னிச்சுடுக்கா" என்றேன். "ஒரே நாள்ல ரெண்டு பேருகிட்ட மன்னிப்பு கேட்காத, நெஞ்சு வலி வந்துடும்" என்றாள். வாசலில் கண்காணிப்பாளர் எண்ணினார், பதினாறு, சரி என்றார். தலைக்கு மேல் இடி விழப்போகிறது என்று குனிந்தபடி உள்ளே நுழைந்தோம்.

"...ஆகவே, முப்பத்தொன்றாவதாக," என்று செயலர் படித்துக்கொண்டிருந்தார்.

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி அதே இடத்தில் நின்றிருந்தார். மேடையில் எல்லோரும் செயலரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கால் தடம் மைதானத்தில் வாசல் வரை உழுத நிலம் மாதிரி கிடந்தது, அதையும் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் மெதுவாகப் போய்ப் பழைய இடத்தில் நின்று கயிற்றை இறுக்கினோம்.

இன்னும் இருபது நிமிடம் கழித்துப் பேச்சு முடிந்தது. பொகொல்யூப் மேடையிலிருந்து ஓடி வந்து என்னை இரண்டு கன்னத்திலும் மூன்று முறை முத்தமிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"செயலர் உன்னத்தான் காட்டிக் கேட்டாரு விதோமிர்! ஒரு மணி நேரம், அந்த வெயில்ல, நீ ஒரு அங்குலம்கூட அசையலையே! நான் உன் மேல வெச்ச கண்ண எடுக்கவே இல்ல!"

நான் அந்தக் கண்களைப் பார்த்தேன். இந்தக் கண்களுக்குப் பயந்துதான் இரண்டு வருடம் என் பிள்ளையை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.